காசிக்குப் பிடித்த வேலை

நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்குக் கிடைத்தபோது எங்கள் தெருவில் பொங்கல் வைத்தார்கள், ஐயா. ஆம்பூர்த் தோல் கிடங்கில் எங்கள் ஆட்களுக்கு அதற்கு முன் அது வாய்த்ததில்லை.

பதினோரு வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்றவன் நான். நகக்கண் வெந்து சோறு பிசைய முடியாது. மனைவி உருட்டி வாயில் போடுவாள். பிறகு முதலாளி அமீர் பாஷா சாயபு என்னைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார். வண்டியில் வரும் பச்சைத் தோலைப் பார்த்து நல்லது, கெட்டது சொல்ல வேண்டும். வெள்ளைச் சொக்காய் போட்டுக்கொள்ளலாம்.

காசி என்னோடு குழியில் நின்றவன். இப்போது பச்சைத் தோலைச் சாய்ந்த மரக்கட்டையில் விரித்துக் கத்தியால் சவ்வு சீவினான். முழங்கைவரை கொழுப்பு. தெருவில் நடந்தால் நாய் கூடவே வரும். சாயபுவிடம் கெஞ்சி என் கொட்டகையில் அவனுக்கும் ஒரு இடம் வாங்கினேன். சொன்னதும் சிரித்தான்.

“இன்னாண்ணா, நாள் பூரா குந்திக்கினு தோல மோந்து பாக்கறது ஒரு வேலையா? இங்க பாரு. கத்தி ஜாஸ்தி எறங்குனா ஓட்டை. கம்மியா எறங்குனா அழுகிப்பூடும். நடுவுல போவுது பாரு, அதான் வேலை.”

“சொக்கா அழுக்காயிடும், தள்ளிப்போ சாமி,” என்றான் பக்கத்துக் கட்டையில் சீவுகிறவன்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாற்காலி உறுத்தியது. அவன் செய்வதுதான் நல்ல வேலை என்றால், நான் எதிலிருந்து தப்பி வந்தேன்?

அடைப்பான் நோய் கண்டு செத்த மாட்டின் தோலைப் பார்த்தாலே தெரியும்; காயம் வழியாக மனுஷனுக்கும் ஒட்டும். உள்பக்கம் ரத்தம் உறையாமல் கருத்துக் கசியும். அதன் இரண்டு காதையும் அறுத்துவிட்டால் யாரும் கை வைக்கமாட்டார்கள்; காது இருந்தால் சோதித்த தோல் என்று எடுத்துவிடுவார்கள். கொக்கியால் இழுத்துப் போய்ப் புதைப்பார்கள். காதறுப்பது என் பொறுப்பு. தை மாதம் ஒடுகத்தூர் வண்டியில் அப்படி ஒன்று வந்தது. நான் அறுக்கவில்லை. கொக்கி போட்டு இழுத்துக் காசியின் அடுக்கில் மேலாக வைத்தேன். முந்தின நாள் அவன் கட்டைவிரலைக் கத்தி கிழித்திருந்ததைப் பார்த்திருந்தேன்.

சாகட்டும் என்று செய்யவில்லை. ஒரு கட்டி வந்தால் அந்த வேலை வெறுத்துவிடும் என்றுதான். அடைப்பான் ஒட்டிய இரண்டு பேரை நாங்கள் முன்பே புதைத்திருக்கிறோம், அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் விரலில் கரி போல் கொப்புளம். ஐந்தாம் நாள் தோள்வரை வீக்கம். அவன் மனைவி பூவம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: “இப்பவாவது சொல்லு காசி. அது நாத்தம் புடிச்ச வேலைதானே?”

“என் கத்தி ஈரத்துல கெடக்கும்ணா. தொடச்சு எண்ணெய் போட்டு வையி.”

துடைத்து வைத்தேன். பிறகும் இரண்டு முறை அதையே கேட்டேன். ஏழாம் நாள் உச்சி வேளையில் போய்ச் சேர்ந்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, தெரிந்தேதான் வைத்தேன். ஆனால் இதையும் எழுதுங்கள். மூன்று முறை அவனைக் கேட்டேன். ஒரு தடவை ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் போதும், மறுநாளே அவனுக்கும் நாற்காலி போட்டிருப்பேன்.