பழைய ஆம்ப் மேடைக்கு வராது

அதத் தொடாத பாலா. கைய எடு. ஒறையத் தூக்கிப் பாத்துட்டல்ல, போதும், மூடு. லோரிய கொண்டாந்து பக்கத்து வீட்டு காடி ரோட்டுக்கு வர முடியாம மறைச்சிப் போட்டுட்டு வந்து நிக்கிற, ஒரு போன் பண்ணிட்டு வர மாட்டியா? பண்ணியா? நான் எடுக்கலன்னா வர வேணாம்னு அர்த்தம் லா.

அண்ணே நொண்ணேன்னு கூப்புடாத. உக்காரு. கோப்பியெல்லாம் இல்ல. வந்த விஷயத்த சொல்லிட்டு கெளம்பு.

தெரியும். சனிக்கெழம கிள்ளான் டேவான் மண்டபத்துல உங்கண்ணனுக்கு மொத வருஷ நினைவு நிகழ்ச்சி. வாட்சப்ல நாப்பது பேரு அனுப்பிட்டானுங்க. கிளாரன்ஸ் கிட்டார் வாசிப்பான்னு போட்டிருக்க. வாசிக்கிறேன். நான் மாட்டேன்னு சொன்னேனா? ஆனா கிட்டார் சொருகுற இந்தப் பழைய ஆம்ப் பெட்டி வராது. அந்தா, சோபா பக்கத்துல இருக்கு பாரு, அதான் இப்ப என் ஆம்ப். பத்து கிலோ கூட இல்ல. ஒரு கையில தூக்கிட்டு எல்ஆர்டியிலயே போயிடலாம். பழைய சத்தம் வேணுமா, ஒரு பட்டன். புது சத்தம் வேணுமா, இன்னொரு பட்டன்.

என்னது? பிளாஸ்டிக் சத்தமா?

ஓ. சார் சத்தம் தெரிஞ்ச ஆளு. இருபத்தாறு வருஷம் உங்கண்ணன் சுகுமாறன் பாட, நான் பக்கத்துல நின்னு வாசிச்சேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல கல்யாணம், சுங்கை பூலோவுல திருவிழா, எத்தனையோ டின்னர். நீ எத்தன தடவ வந்து கேட்ட? சொல்லு. ரெண்டு. ஒண்ணு உன் கல்யாணம். இன்னொண்ணு அவன் செத்த அன்னிக்கு. அன்னிக்கும் சாப்பாடு போடுற நேரத்துக்குத்தான் வந்த. இப்ப அவன் மூஞ்சிய டீ-ஷர்ட்ல அடிச்சி மாட்டிக்கிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்குற.

கோவம் வருதா? நல்லா வரட்டும். எழுந்து போ. அதான் எனக்கும் வேணும்.

போக மாட்ட. அண்ணன் மாதிரியே.

ஆமா, அவன் போன மறுவாரமே புதுசு வாங்குனேன். ஒளிச்சா வாங்குனேன்? பதினாறாம் நாள் காரியம் முடியல, அதுக்குள்ள புது ஆம்ப் கேக்குதா இவனுக்குன்னு பேசுனீங்க. உங்கண்ணி மாதவி கூட கேட்டுச்சு, அண்ணே, அவரு போனதும் எல்லாத்தயும் மாத்திடுவீங்களான்னு. முதுகு வலின்னு சொன்னேன். அம்பத்தாறு வயசு, முப்பது கிலோ பெட்டி. யாரு நம்ப மாட்டா? நீயும்தான் நம்புன.

விக்கல. வித்திருந்தா உனக்கென்ன? ரெண்டு பேரு வந்தானுங்க. ஒருத்தன் இந்த மாதிரி வால்வ் ஆம்ப் இப்ப எங்கயும் கெடைக்காது பாஸ்னு கெஞ்சுனான். ஏசித் தொரத்திட்டேன். வாசிக்கவும் மாட்டேங்குறீங்க, விக்கவும் மாட்டேங்குறீங்க, என்னதான் செய்யப் போறீங்கன்னு கேக்குற. நானும் அதத்தான் கேக்குறேன். தினமும் இதே நாற்காலியில உக்காந்து, இத எதுத்தாப்புல வெச்சிக்கிட்டு கேக்குறேன். பதில் வந்தா உனக்கு ஒரு மெசேஜ் போடுறேன், சரியா?

உனக்கு இந்த ஆம்ப்பப் பத்தி என்ன தெரியும்? இதுக்கு ஒரு இரைச்சல் உண்டு. டேவான் ஸ்பீக்கரோட சேந்துச்சின்னா ம்ம்ம்னு ஒரே இரைச்சல், நிக்காது. உங்கண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. என் பாட்டுக்கு அடியில ஒரு மாடு நிக்குது, அது கிளாரன்ஸோட மாடுன்னு மைக்லயே சொல்லுவான். ஜனம் சிரிக்கும். பாட்டுக்கு நடுவுல ஒரு கையில மைக்க புடிச்சிக்கிட்டு வருவான், இன்னொரு கைய நீட்டி என் ஆம்ப் வால்யூம அவன் கொறைப்பான். என்னக் கேக்க மாட்டான். என் ஆம்ப்! அவன் அந்தப் பக்கம் போனதும் நான் ஏத்திருவேன். இருபத்தாறு வருஷமா இதே கூத்து.

ஆமா, கூட்டாளிதான். கூட்டாளின்னா சண்ட போட மாட்டாங்களா? அவன் போன அன்னிக்கும் சண்டதான். சவுண்ட் செக்குல எல்லார் முன்னாடியும் சொன்னான், இன்னிக்கு அந்த மாட்ட வெளிய கட்டிட்டு வா, இல்லன்னா அடுத்த ஷோவுக்கு வேற ஆள பாத்துக்கிறேன்னு. என்னைய! வேற ஆளு! சரி, கட்டிட்டேன். அன்னிக்கு இரைச்சலே இல்ல. ஜனத்துக்குத் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிச்சு. மொதப் பாட்டு முடிஞ்சதும் திரும்பி கட்டவெரலத் தூக்கிக் காட்டுனான்.

டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும் லா. நெஞ்சு. ஏற்கனவே ஒரு தடவ வலி காட்டுன நெஞ்சு. நீ இரங்கல் கூட்டத்துல பேசுனியே, அண்ணன் சாஞ்ச அதே நொடியில மேடை லைட்டெல்லாம் அணைஞ்சிச்சு, கரண்டுக்கே மனசு தாங்கலன்னு. எல்லாரும் அழுதாங்க. எனக்கு உன் கழுத்தப் புடிக்கணும் போல இருந்துச்சு.

ஏன்னு கேக்காத.

சரி, சனிக்கெழம யாரு பாடுறா?

குமுதாவா? சுகுமாறன் மகளா? அது மேடையே ஏறுனதில்லையே. எங்க நிக்கும்? ஏன் என் பக்கத்துல? என்ன சொன்ன? திரும்ப சொல்லு.

அப்பா மாதிரியே வருமா. ஒரு கையில மைக்கு. இன்னொரு கையால வந்து வால்யூம கொறைக்குமா. அப்பா தொட்ட அதே ஆம்ப்ல. யாரு யோசன இது? உன் யோசனையா? ஜனம் அழும், ம்? வீடியோவுல நல்லா இருக்கும்.

எத்தன வயசு அதுக்கு? பத்தொம்பது.

தண்ணி குடிச்சிக்கிறேன், இரு.

ஏய், எங்க எந்திரிக்கிற? நான் தரலன்னா தூக்கிட்டுப் போயி வேற ஆள வெச்சி வாசிப்பியா? தூக்கு. கைப்பிடி அந்தப் பக்கம். தனியா தூக்கி முதுக ஒடச்சிக்க. லோரியில ஏத்து, கிள்ளானுக்குக் கொண்டு போ. ஆனா ஒண்ணு. மேடையில சொருகுறதுக்கு முன்னாடி அந்த பிளக்க கழட்டி உள்ள பாரு. வெளிய மூணு காலு இருக்கும். உள்ள ரெண்டு வயருதான் இருக்கு.

மூணாவது எர்த் வயரு. நான் வெட்டுனேன். அன்னிக்கு சாயங்காலம், மேடைக்குப் பின்னாடி, அஞ்சு நிமிஷத்துல. வெட்டுனா இரைச்சல் நிக்கும். பழைய கிட்டார்காரன் பாதிப் பேரு செய்றதுதான். ஆம்ப்புக்குள்ள கரண்டு கசிஞ்சா வெளியேற வழி இருக்காது, ஆம்ப் தகட்டத் தொட்டவன் மேலதான் ஏறும். அதுவும் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அன்னிக்கு வெரல் சுருசுருன்னுச்சு. கால்ல ரப்பர் சப்பாத்து போட்டிருந்தேன், பெருசா எடுத்துக்கல. இரைச்சல்தான் இல்லையே, இனி எதுக்கு என் வால்யூமத் தொடப் போறான்னு நெனச்சேன். கடைசிப் பாட்டுக்கு முன்னாடி வந்தான். பழக்கம். வேர்த்த கை. சிரிச்சிக்கிட்டே வந்தான்.

அப்புறம்தான் லைட்டு போச்சு.

உக்காரு பாலா. அடிக்கிறதுன்னா அடி, ஆனா மொதல்ல பாத்துட்டு அடி. திரும்ப மாட்டிடலாம்னு எத்தனையோ தடவ அத கையில எடுத்துட்டேன். அஞ்சு நிமிஷ வேல. மாட்டிட்டா அன்னிக்கும் அந்த வயரு இருந்துச்சுன்னு ஆயிடும். அது முடியல. ஒருத்தர் கிட்ட சொல்லவும் முடியல.

ஸ்க்ரூடிரைவர் டிவிக்கு கீழ டிராயர்ல இருக்கு. நீயே கழட்டு. பாத்துட்டு மாதவிக்கு போன் போட்டுக் குடு. நான் பேசுறேன்.