கூரைக்கு ஒரு சம்மதம்

விதிகளை வகுத்து வழிநடத்தும் ஆணையத்தின் தலைவி அம்மா அவர்களே, வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் காப்பீடு தரும் நிறுவனங்களின் அதிகாரிகளே, அந்தக் காப்பீட்டை நம்பியிருக்கும் பெரியவர்களே, பிள்ளையை மடியில் தூங்கவைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் இந்தச் சலவைக் கடைக்காரியின் வணக்கம்!

கை தட்டாதீர்கள், பிள்ளை எழுந்துவிடும்.

புயல் வந்தது. எங்கள் கடையின் கூரை பறந்தது. நிறுவனத்து ஆள் வந்து பார்த்தார், பழுதுபார்க்க அனுமதியும் வந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரமே என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார்.

இங்கேதான் விதி வந்தது. வேலை தொடங்கும் முன் உரிமையாளர் தன் வாயால் ‘சம்மதம்’ என்று தொலைபேசியில் சொல்ல வேண்டுமாம். நல்ல விதி! நம் பெயரில் எவனோ ஓட்டைக் கூரை போட்டுவிடக் கூடாதே என்று வந்த விதி. ஆனால் கடை அவர் பெயரில். போனவர் எப்படிச் சொல்வார்?

நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“ஐயா இருக்காருங்களா?”

“தவறிட்டாரும்மா.”

“சரிங்க, அவர் ஓய்வா இருக்கும்போது கூப்பிடுறேன்.”

“இனிமே அவருக்கு எப்பவும் ஓய்வுதாம்மா!”

சிரியுங்கள், நானும் சிரித்தேன். பாவம், அவள்தான் அழுதுவிட்டாள். “அக்கா, என் திரையில ‘எடுக்கவில்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘இறந்துவிட்டார்’னு இல்லையே. அதை அமுக்கினா வாராவாரம் இந்த அழைப்பே திரும்ப வந்து நிக்குது.”

வாரிசுச் சான்றிதழ் கொடுத்தேன். நிறுவனம் ஏற்றது, கணினி ஏற்கவில்லை. நிறுவனத்தில் விதிகளைக் கவனிக்கும் அதிகாரித் தம்பி கடைக்கே வந்தார். தார்ப்பாய்க்கடியில் நனைந்து நிற்கும் சலவை இயந்திரங்களைப் பார்த்தார். “விதியை மீறினா எங்களுக்கு அபராதம்மா,” என்றார். “மீறலைன்னா எனக்கு மழை, தம்பி,” என்றேன்.

என்ன தலைவி அம்மா, ஏதோ சொல்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்!

“‘உரிமையாளர் அல்லது வாரிசு’ன்னுதானே நாங்க எழுதினோம்?”

கேட்டீர்களா சபையோரே! மூன்றாம் வரிசையில் நெளிகிற அதே அதிகாரித் தம்பி, எழுந்திரு. என்னப்பா நடந்தது?

“கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது... பின்பாதி விட்டுப்போச்சும்மா.”

பாதி விதியை ஏற்றினால் பாதிக் கூரைதானே வரும்? அம்மா, என்ன சொல்கிறீர்கள்? இங்கேயே கேட்கலாமா? கேள் தம்பி, இந்தச் சபையே சாட்சி.

“கூரை வேலையைத் தொடங்கச் சம்மதமாம்மா?”

கொஞ்சம் பொறு.

பெரியோர்களே, ஊரே என் வீட்டுக்காரரை முடிந்த கதையாகப் பேசியபோது, அந்தத் தொலைபேசிப் பெண் ஒருத்திதான் வாராவாரம் ‘இருக்காரா’ என்று கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அந்த மணிச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். நான் இப்போது வாய் திறந்தால் அது நின்றுவிடும். அவரைக் கேட்க இனி யாரும் இல்லை.

ஆனால் இயந்திரங்கள் துருப்பிடிக்கின்றன. கடையை நம்பி இரண்டு பெண்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள். என்னைப் போல் எத்தனை கதவுகளில், எத்தனை கடைகளில், எத்தனை கைம்பெண்களிடம் இந்தப் பாதி விதி போய் நிற்கிறதோ! விதியை எடுக்காதீர்கள், அதிகாரிகளே. முழுதாகப் போடுங்கள்! அந்தத் திரையில் எங்களுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்!

சம்மதம், தம்பி. சம்மதம்!

பதிவாயிற்றா? சரி. சம்மதம் சொன்ன வாயாலேயே நன்றியும் சொல்லி இறங்குகிறேன். போகிற வழியில் கொத்தனாரைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் வணக்கம்!