இன்னும் கொஞ்ச நேரம் ஊரைக் காட்டு

ஹலோ... எக்கார்ட்? நான்தான், ஹெட்டா... ஆமா, வீட்டுலேருந்துதான். எங்கே இருக்கீங்க?... கல்பாலத்துலயா. வோல்க்கர் பக்கத்துல நிக்கிறாரா?... சரி. அப்ப நீ எதுவும் பேசாத. 'ஆமா', 'சரி' மட்டும் சொல்லு. முகத்தை மாத்திக்காத. ஆத்தைப் பார்த்துக்கிட்டு நில்லு.

அவரை இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வராத... இல்ல, சமையல் ஆயிடுச்சு, அது இல்ல. அவர் பொண்டாட்டி அன்கேவுக்குத் தலைவலி, ஊர் சுத்த வரலைன்னு சொன்னாரே, தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல. டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். நைட்டியோட உட்கார்ந்திருந்தா. ரெண்டு கையிலயும் விரல் தடம், எக்கார்ட். அப்படியே பதிஞ்சிருக்கு. தோள்பட்டை கன்னிப்போய் நீலமா...

...ஆமா, அவர்தான். அவ புருஷன்தான். வேற யாரு?... நம்ம வீட்டுலதான்! நேத்து ராத்திரி. நாம சுவருக்கு இந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கிட்டிருந்திருக்கோம்.

...எதுக்கா? நேத்து தேவாலயத்துல அவர் பெரிசா விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தாரே, கண்ணாடி ஜன்னல்ல வரைஞ்சிருக்கிற புனிதர் பவுல்னு. 'பவுல் இல்லப்பா, பேதுரு. கையில சாவி இருக்கு பாரு'ன்னா இவ. நாமெல்லாம் சிரிச்சோம்ல? நீ விழுந்து விழுந்து சிரிச்ச... ம். அதுக்குத்தான்.

...தெரியும், தெரியும். ஒண்ணாப் படிச்சவங்க, ஒண்ணாப் படகு ஓட்டினவங்க. எனக்கும் தெரியும் அவரை. நம்மகிட்ட தங்கமான மனுஷன். கதவைச் சாத்தினப்புறம் அவர் எப்படின்னு நீ கண்டியா?

...ஐயோ, வேணாம்! இப்பக் கேக்காத! கேட்டா நேரா இங்கதான் வந்து நிப்பாரு. அவளைக் கூட்டிட்டுப் போக அவ தங்கச்சி பாசாவு நகரத்துலேருந்து கார்ல வந்துக்கிட்டிருக்கா, கிட்ட வந்துட்டா. அது வரைக்கும் நீ ஊரைக் காட்டு. பாலத்தடி சாசேஜ் கடையில உட்கார வை. படகுல ஏத்து. எதையாவது காட்டு.

...என்ன, போனைக் கேக்குறாரா?... குடு, குடு. குடுக்கலைன்னா சந்தேகம் வந்துடும்.

ஹலோ வோல்க்கர்! எப்படி இருக்கு எங்க ஊரு?... ஆமா, ஆமா, நல்ல வெயில்... அன்கேயா? தூங்குறா பாவம்... மாத்திரை போட்டுக்கிட்டா... எழுப்ப வேணாமே... சேச்சே, எனக்கென்ன தொந்தரவு... ஆங், சாசேஜுக்குத் தொட்டுக்க இனிப்புக் கடுகுச் சாந்து கேட்டு வாங்குங்க, அதான் எங்க ஊர் ருசி... சரி, எக்கார்ட்கிட்ட குடுங்க.

...எக்கார்ட்? சிரிச்சுப் பேசினேன் பாரு, எனக்கே... இரு, கார் சத்தம். ஆமா, தங்கச்சிதான்! அன்கே, வா, கிளம்பு... ஏய், என்ன இது? எதுக்குக் கட்டின பெட்டியைத் திரும்பத் திறக்குற?

...எக்கார்ட், போகமாட்டேங்குறா... 'வோல்க்கர் ஏதாவது சொல்லுவாரு, எக்கார்ட் நம்பிடுவாரு, கடைசியில நான்தான் பைத்தியக்காரி ஆவேன்'ங்குறா... நான் சொல்லாம இருப்பேனா? என் பேச்சு ஏறலை. நீ அவரோட சிநேகிதன். 'உன்னை நம்புறேன்'னு நீ சொன்னாத்தான் ஏறும்... இப்பவே சொல்லு.

...தெரியும், பக்கத்துலதான் இருக்காரு... தள்ளிப் போனா பின்னாலயே வர்றாரா? அப்ப அங்கேயே நின்னு சொல்லு. கார் வாசல்ல நிக்குது, இனிமே அவர் ஓடி வந்தாலும் பிடிக்க முடியாது... தெரியும், எக்கார்ட். எனக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டம்னு.

ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். அன்கே, இப்படி வா. எக்கார்ட் உன்கிட்ட பேசணுமாம்.

......

சத்தமாச் சொல்லு, காத்து இரையுது...

......

கேட்டுச்சா அன்கே?... ம்... ம்... அழாத. பெட்டியை நான் எடுக்குறேன். ஷூவைப் போடு, போ. திரும்பிப் பார்க்காத... போனதும் போன் பண்ணு!

...யாரு கத்துறது? எக்கார்ட்! போனை விடாத... வோல்க்கர்! அவன் மேல கை வைக்காதீங்க! பாலம் பூரா ஜனம் நிக்குது, எல்லாரும் பார்க்குறாங்க... ஹலோ?... ஹலோ?... எக்கார்ட்!

...ஹா, அப்பாடா. உனக்கு ஒண்ணும் ஆகலையே?... சட்டைதானே கிழிஞ்சது, போகட்டும்... எந்தப் பக்கம் போறாரு?... வீட்டுப் பக்கமா. வரட்டும். கார் தெரு திரும்பியாச்சு. அவர் பெட்டியை வாசல்ல வச்சுட்டேன்.

...என்ன சொன்னாரு உன்னை?... ம்... இத்தனை வருஷத்துக்கு அதான் மிச்சமா... எக்கார்ட்? அழுறியா?... அங்கேயே நில்லு. கதவைப் பூட்டிக்கிட்டு, பின்வழியா நான் வர்றேன்.