உரிமையாளர் கையெழுத்து

பிறர் வீட்டுக் குளியலறையில் குளிக்க எனக்குக் கூச்சம், ஐயா. வெளிநாட்டில் சொந்தமாக ஒரு வீடு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் மச்சான் இரண்டு வெளிநாடுகளில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். மழையைப் பற்றிப் பேசினாலும், வயிற்றுவலியைப் பற்றிப் பேசினாலும், பேச்சு அந்த வீடுகளில்தான் போய் முடியும். நான் மட்டும் எத்தனை நாள் தலையாட்டிக்கொண்டிருப்பது?

உங்கள் சட்டப்படி அந்நியன் காலி வீடு வாங்க முடியாது. ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கலாம்; அந்த ஆள் ஆயுளுக்கும் இருப்பார். அதனால் தரகர் வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் ஆளைத்தான் காட்டினார்.

"எண்பத்திரண்டு வயசு சார். அந்த இருமலைக் கேளுங்க."

கேட்டேன். திருப்தியாக இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர், எங்கள் மொழிக்காரர். வீடு என் பெயருக்கு வந்த மாதமே நீச்சலுக்குப் போக ஆரம்பித்தார். நான்கே மாதத்தில் இருமல் போய்விட்டது. நான்கு வருடத்தில் தோள்கூட அகன்றுவிட்டது.

போன வாரம் மச்சானைக் கூட்டிவந்து மணி அடித்தேன். துண்டோடு வந்து கதவைத் திறந்தார்.

"யாருப்பா?"

"நான்தாங்க, வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரன் நான்தான். நீ வாங்குனவன். ஷூவை வெளியில விட்டுட்டு வாங்க."

மச்சான் என் தோளில் கை போட்டார். "மாப்ள, ஒரு ரூம் வாடகைக்குக் கேட்டுப் பாரேன். நல்ல மனுஷனாத் தெரியுறாரு."

குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். ஒரு பக்கம் குடியிருப்பவர் கேட்டது. மறுபக்கம் உரிமையாளர் செய்தது, கையெழுத்தோடு. என் பக்கம் நான்கு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அன்று அவர் புதிதாக எழுதியிருந்தார்: 'சுவர் ஓட்டை வழியாகக் குளிர் வருகிறது.'

கொதிகலனைச் சோதிக்க வந்த பிளம்பர் படியில் என்னை நிறுத்திச் சொன்னார். "அந்த ஓட்டையில மட்டும் கை வச்சிராதீங்க சார். புகை அது வழியாத்தான் போகுது. அடைச்சா, குளிக்கப் போற பெரியவர் அங்கயே தூங்கிருவாரு."

மறுநாள் பெரியவர் நீச்சலுக்குப் போனதும் என் சாவியை முதல்முறையாகப் பயன்படுத்தினேன். ஷூவைக் கழற்றவில்லை. ஓட்டையில் கம்பளித் துணியைத் திணித்து, பட்டி பூசி, வெள்ளையடித்தேன். பிறகு நோட்டைத் திறந்து 'ஓட்டை அடைக்கப்பட்டது' என்று எழுதி, உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கல்யாணப் பதிவில்கூட அவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

சாயங்காலம் போனில் கூப்பிட்டார். "தம்பி, துளி குளிர் இல்லப்பா. இன்னைக்குத்தான் நீ வீட்டுக்காரன். இரு, குளிச்சிட்டு வந்து பேசறேன்."

சந்தோஷமாகக் குளியுங்கள் என்றேன்.

கையெழுத்தாவது போடாமல் இருந்திருக்கலாமே என்று மச்சான் தலையில் அடித்துக்கொள்கிறார். அவருக்கு என்ன, இரண்டு வீடு இருக்கிறது.

கொன்றது நான்தான், ஐயா. மறுக்கவில்லை. இந்த வாக்குமூலத்தில் ஒரே ஒரு பிழைதான். இறந்தவரை 'வீட்டுக்காரர்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.