பவித்திரனுக்கு வலித்தது

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் இதய டாக்டர் ரோகிணி வாரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த தோழர் பவித்திரனின் துணைவியார் லீலாமணி சேச்சி அவர்களே, சங்கனாச்சேரிச் சந்தையின் சுமைதூக்கும் தோழர்களே! வணக்கம் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. சேச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளம் வந்தபோது அரிசி மூட்டை சுமந்த தோளில் ஆட்களைச் சுமந்து கரையேற்றியவர் யார்? கூலி உயர்வு கேட்டுக் கொட்டும் மழையில் உட்கார்ந்தவர் யார்? தோழர் பவித்திரன்! அதையெல்லாம் தலைவர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

படியேறினால் நெஞ்சு பிடிக்கிறவர்களுக்கு, ரத்தக்குழாய் அடைப்பை விரிக்க ஸ்பிரிங் மாதிரி ஒரு ஸ்டென்ட் வைப்பது நல்லதா, மாத்திரையே போதுமா என்று பார்க்க டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கினார். எல்லாருக்கும் மாத்திரை உண்டு. எல்லாரையும் மேஜையில் படுக்கவைத்து, மயக்கி, மணிக்கட்டு வழியாகக் குழாய் விடுவார்கள். குலுக்கலில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் விழும். மீதிப் பேருக்கு ஒன்றும் வைக்காமல் குழாயை உருவிவிடுவார்கள். யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை சொல்லமாட்டார்கள். முதலிலேயே இதை விளக்கிச் சம்மதம் கேட்டார்கள். நாம் என்ன செய்தோம்? ஒவ்வொருவராக நழுவினோம்! நெஞ்சு பிடிக்கிற பவித்திரன் சேட்டன் மட்டும் சம்மதித்தார்.

"சேட்டா, ஒண்ணும் வைக்காம அனுப்பிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "யாராவது படுத்தாத்தானேடா எது உதவுதுன்னு தெரியும்? பயமா இருந்தா நீ போய் சாயா குடி, தங்கப்பா" என்றார். அவர் ஆய்வில் சேர்ந்த பிறகுதான் நம்மில் சிலருக்குத் துணிச்சல் வந்தது.

ஆறு மாதத்தில் ஆள் நிமிர்ந்துவிட்டார். "உள்ள ஸ்பிரிங் இருக்குடா, தொட்டுப் பாரு" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு திரிந்தார். ஆய்வு முடிந்து விவரம் சொன்னார்கள். அவருக்கு ஸ்டென்ட் வைக்கவே இல்லை. "மாத்திரை வேலை செஞ்சிருக்கு, நம்பிக்கையும் கைகொடுத்திருக்கு. ஆனா அடைப்பு அங்கேயேதான் இருக்கு. வலிச்சா உடனே வந்துடணும்" என்று டாக்டரம்மா நம் எதிரிலேயே சொன்னார். நம் காதில் அது ஏறியதா? அவருடைய வலியே வெறும் மனப்பிரமை, நடிப்பு என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

பிறகு சந்தையில் என்ன கூத்து! "பவித்திரேட்டா, மூட்டைய இறக்கிட்டதா நினைச்சுக்கோங்க, இறங்கிடும்!" "கூலி வாங்கிட்டதா நினைச்சுட்டு வீட்டுக்குப் போங்க!" யார் சொன்னது என்று நான் பெயர் சொல்ல வேண்டுமா? எல்லாரும்தான். அவரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பினோமே, அது நம் வெட்கக்கேடு!

போன செவ்வாய்க்கிழமை வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. "என்ன சேட்டா?" என்றால் "வாயுடா, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார். அன்று காலையிலேயே வலி. சேச்சி கெஞ்சியிருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போனா பசங்க மறுபடி ஆரம்பிச்சுடுவானுங்க, விடு லீலா" என்றிருக்கிறார். நாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம், பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

மாரடைப்பால் மறைந்தார் என்று சுவரொட்டி அடித்திருக்கிறோம். மாரடைப்பு மட்டுமா, தோழர்களே? ஊருக்காகத் தன் உடம்பைக் கொடுத்த மனிதர், தனக்கு வலிக்கிறது என்று சொல்ல நம்மிடம் கூச்சப்பட்டார்! எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது?

ஆகவே உறுதி ஏற்போம். டாக்டரம்மா இப்போது தொடங்கியிருக்கும் அடுத்த ஆய்வில் சேர்ந்திருக்கும் நம் தோழர்கள் ஒருவரும் பாதியில் விலகமாட்டார்கள். சந்தை வாசலில் சங்கத்து வண்டி எப்போதும் நிற்கும். வலி என்று ஒருவன் வாய் திறந்தால், வாயுவா நெஞ்சா என்று நாம் தீர்ப்புச் சொல்லமாட்டோம், ஏற்றி அனுப்புவோம். சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள்!

நானும் தூக்க வேண்டும். இந்தக் கையில் மைக் இருக்கிறது. இடது கையைத் தூக்கப் பார்க்கிறேன், வரவில்லை. காலையிலிருந்தே கனக்கிறது. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரொட்டியைப் படிப்பதுபோல் பாசாங்கு செய்துதான் ஏறி வந்தேன். பேச்சு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பவித்திரன் செத்ததைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று கேலி செய்வீர்களே என்று கூச்சம்.

டாக்டரம்மா, கொஞ்சம் இங்க வாங்க. எனக்கு நெஞ்சு வலிக்குது. டேய், யாராவது வண்டிய எடுங்கடா.