முற்றத்தில் ஒரு வாக்கு

நான் மெதுவாக வண்டி ஓட்டுகிறவன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு அபராதம் கிடையாது. என் வண்டியில் ஏறியவர்கள் பாதி வழியில் தூங்கிவிடுவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், நீங்கள் முதலில் கேட்டது அந்தப் பயணத்தைப் பற்றி. பிரிக்கர்ஷாவிலிருந்து லண்டனுக்கு நாலரை மணி நேரம் போதும், ஐந்தே முக்கால் ஏன் ஆனது என்று கேட்டீர்கள். மெதுவாக ஓட்டினேன். அது பதிலின் ஒரு பகுதி. மீதியையும் சொல்கிறேன். வழக்கறிஞர் வேண்டாம்.

நான் ஏழு வருடம் இந்த வட்டாரத்தின் மேயர். பஸ்களை ஒரே கட்டணத்துக்குக் கொண்டுவந்தேன். உங்கள் காவல்துறையும் என் பொறுப்பில்தான் இருந்தது. உங்கள் தலைமை அதிகாரியை நியமித்த கடிதத்தில் என் கையெழுத்தைப் பார்க்கலாம். அதற்கு முன்னால் பதின்மூன்று வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தேன். அதை விட்டு வந்தது என் விருப்பம். அப்போது எங்கள் கட்சித் தலைவர் அசைக்க முடியாதவராக இருந்தார். போன குளிர்காலத்தில் அவர் ஆட்டம் காண ஆரம்பித்தார். அடுத்தவர் யார் என்ற பேச்சில் பாதிப் பேர் என் பெயரைச் சொன்னார்கள். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாதவர் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. இலையுதிர்காலத்துக்குள் எனக்கு ஒரு தொகுதி வேண்டியிருந்தது. தொகுதி தானாகக் காலியாவதில்லை. இருப்பவர் விலக வேண்டும், அல்லது சாக வேண்டும்.

ஸ்டான் ஹோல்ராய்ட் பிரிக்கர்ஷாவின் உறுப்பினர். எழுபத்தோரு வயது. இளமையில் கல்குவாரியில் வேலை பார்த்தவர். நுரையீரல் முழுக்கத் தூசி. மூக்கில் குழாய், காலடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர். என் முதல் தேர்தலில் எனக்காக வீடு வீடாக நோட்டீஸ் போட்டவர் அவர். நான் அவரை நேசித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் அவர் வீட்டுக்குப் போய், விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் மனைவி நோரீன் அடுப்பிலிருந்து சட்டியை எடுத்து வைத்தார். ஆட்டுக்கறியின் மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டது. கூடவே வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ்.

"நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள அளவெடுக்க வந்துட்டான் பாரு" என்றார் ஸ்டான். "நான் செத்தா நின்னுக்கடா ஜெரி. அதுவரைக்கும் வரிசையில நில்லு."

"சாப்பிடுறப்ப சாவுப் பேச்சு எதுக்கு" என்றார் நோரீன். "கோஸ் போட்டுக்கோ கண்ணு."

மூவரும் சிரித்தோம். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் விலகாததற்குக் காரணம் இருந்தது. தூசியால் நுரையீரல் கெட்ட குவாரித் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் மே மாதம் வாக்கெடுப்புக்கு வந்தது. பதினோரு வருடம் அதற்காக அலைந்தவர் ஸ்டான். நானும் அந்தச் சட்டத்தை ஆதரித்தேன். இன்றும் ஆதரிக்கிறேன்.

வாக்கெடுப்பு செவ்வாய் மாலை ஏழு மணிக்கு. பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் இதயம் தாங்காது என்பதையும் சொல்லியிருந்தார். இதை நோரீன் என்னிடம் சொன்னார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை கட்சிக் கொறடா பிரெண்டன் என்னைக் கூப்பிட்டார். ஸ்டான் ஓய்வெடுக்கட்டும் என்று நோரீன் போனை அணைத்து வைத்திருந்தார். எதிர்க்கட்சியில் ஒரு பெண் உறுப்பினருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவர் வரமாட்டார், அதற்கு ஈடாக ஸ்டானும் வரவேண்டாம், இணை போட்டாகிவிட்டது என்றார். எங்கள் வழக்கம் அது. இந்தப் பக்கம் ஒருவர் குறைந்தால் அந்தப் பக்கமும் ஒருவர் குறைவார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஸ்டான் வீட்டு வாசலில் பத்து நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மணியை அடித்தபோது எதையும் முடிவு செய்திருக்கவில்லை. உள்ளே போனதும் ஸ்டான் ஒரே கேள்வி கேட்டார்.

"எத்தன ஓட்டு வித்தியாசத்துல நிக்குது?"

"ஒண்ணு" என்றேன்.

அந்தச் சொல் தானாக வந்தது. பிறகு நடந்ததெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

பிரெண்டனிடம், ஸ்டான் இணையை ஏற்கமாட்டேன் என்கிறார், தானே வந்துதான் வாக்களிப்பாராம் என்று சொன்னேன். அவர் நம்பினார். ஸ்டானின் பிடிவாதம் ஊருக்கே தெரிந்தது. "கெழவனுக்கு அவ்வளவு கொழுப்பா" என்று சிரித்தார். "சரி, முற்றத்துல வண்டிலயே இருக்கட்டும். நாங்க வந்து பார்த்துக்கறோம்."

அதுவும் ஒரு வழக்கம். நடக்க முடியாத உறுப்பினரை நாடாளுமன்ற முற்றம் வரை கொண்டுவந்தால் போதும். இரு கட்சிக் கொறடாக்களும் வண்டிக்கு வந்து, உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்று பார்த்துத் தலையசைப்பார்கள். அவர் வாக்கு சேர்ந்துவிடும். உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

நோரீன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசினோம். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ ஓட்டுறதா இருந்தா அனுப்புறேன். நத்தை மாதிரி போவ. அவருக்கு அதுதான் நல்லது."

இரண்டு சிலிண்டர் தந்தார். ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் வரும். குழாயை எப்படி மாற்றுவது, திருகை எந்த எண்ணில் வைப்பது என்று இரண்டு முறை செய்து காட்டினார். "பாதி வழியில மாத்திடு. தீர்ற வரைக்கும் விட்டுடாத."

ஒன்றை ஸ்டானின் காலடியில் வைத்தேன். இன்னொன்றை டிக்கியில் வைத்தேன்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அவருக்குத் தேநீர் வாங்கி வந்தேன். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். குனிந்தால் அவருக்கு மூச்சு வாங்கும், சிலிண்டரின் அளவு முள்ளை அவரால் பார்க்க முடியாது. நிறைய இருக்கிறது என்றேன். அப்போது அது பொய்யும் இல்லை. பிறகு அவர் தூங்கினார். நான் இடது ஓரமாகவே ஓட்டினேன். லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின.

ஆறேமுக்காலுக்கு முற்றத்தில் நிறுத்தினேன். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரெண்டன் வந்தார், கூடவே எதிர்க்கட்சியின் கொறடா, நல்ல குடும்பத்துப் பெண்மணி. நான் இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினேன். நீண்ட பயணம், களைத்துவிட்டார், கண் அசந்திருக்கிறார் என்றேன். இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தூங்குகிறவரை எழுப்பமாட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டான் கையைத் தூக்கினார். அந்தப் பெண்மணி பதிலுக்குக் கையசைத்தார். இருவரும் தலையசைத்துவிட்டு, கால் ஓசை கேட்காமல் நடந்து போனார்கள்.

ஏழு முப்பத்தைந்துக்கு ஸ்டான் இறந்தார். சட்டம் இருபத்தாறு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. கடைசி நேரத்தில் எதிர்க்கட்சியில் பலர் மனம் மாறிவிட்டார்கள் என்று நோரீனிடம் சொன்னேன். மரண விசாரணையில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள்.

ஆறு வாரத்தில் இடைத்தேர்தல். நான் மேயர் பதவிக்கு விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டு நின்றேன். "கடைசி வாக்கும் நமக்காக" என்று ஸ்டானின் படத்தோடு நோட்டீஸ் அடித்தோம். அந்த வரி என்னுடையது. என் கோட்டில் கட்சி ரிப்பன் பூவை நோரீன்தான் குத்திவிட்டார். மூட்டுவலியோடு என்னுடன் வீடு வீடாக வந்தார்.

குவாரித் தெருவில் ஒரு கிழவர் கதவைத் திறந்ததுமே, "மேயரு லண்டனுக்கு மறுபடியும் ஓடப் போறீங்களாமே, பஸ்ஸ யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டார். பின்னால் நோரீனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "ஸ்டானுக்காகப் போடுறேன்யா. உனக்காக இல்ல."

அந்த நாட்களில்தான் வண்டியில் மணி அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. நோரீனை வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பினால் அடிக்கும். காலி இருக்கை. பட்டறையில் இரண்டு முறை காட்டினேன், ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். இப்போது காலி இருக்கைக்குப் பெல்ட் போட்டுவிடுகிறேன். பேசாமல் வருகிறது.

கையசைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரசியல்வாதியின் வேலையே அதுதான், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள் கையசைப்பார்கள். பஸ்ஸிலிருந்து, மாடி ஜன்னலிலிருந்து, முடிவெட்டும் கடையிலிருந்து. எல்லோரும் ஒரே விதமாக அசைத்தார்கள். கை பாதி எழுந்து, விரல்கள் கண்ணாடியில் பட்டு, வழுக்கி இறங்கியது. நான் தரையைப் பார்த்து நடந்தேன். அடக்கமான மனிதர் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ஒன்பதாயிரம் வாக்கில் ஜெயித்தேன்.

பதவியேற்ற அன்று நோரீனை விருந்தினராக அழைத்துப் போனேன். முன்னவரைப் புகழ்ந்து பேசுவது மரபு. ஸ்டானைப் பற்றிப் பதினோரு நிமிடம் பேசினேன். எல்லாப் பக்கமும் கண் கலங்கினார்கள். பிறகு தேநீர் அறையில் பிரெண்டன் நோரீன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருக்கிறார்.

"வரவேண்டாம்னு இணை போட்டுக் கொடுத்தோம்மா. வேண்டாம்னுட்டு வந்தாரே. அப்படி ஒரு மனுஷன்."

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு வேண்டாம்னது?"

பிரெண்டன் என்னைப் பார்த்தார். நோரீன் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டார், நான் கூட்டிப் போகிறேன் என்றதற்கு ரயிலில் போய்க்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் கேட்பது, சிலிண்டர் தீர்ந்தது எனக்குத் தெரியுமா என்று. தெரியும். ஆறு மணிக்கு, லண்டன் எல்லையில், சிவப்பு விளக்கில் நின்றபோது அந்தச் சீறல் நின்றது. ஐந்து மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். அது நின்றதில் ஸ்டான் விழித்துக்கொண்டார். "மாத்துடா" என்றார். வந்துவிட்டோம், முற்றத்தில் மாற்றுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். என்னை நம்பினார்.

முற்றத்தில் மறுபடியும் சொன்னார். அப்போது குரல் வரவில்லை, உதடு மட்டும். கொறடாக்கள் வந்தபோது அவர் கையசைக்கவில்லை. கண்ணாடியைத் தட்டப் பார்த்தார்.

அவர்கள் போனதும் நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். டிக்கி நான்கு அடி தூரத்தில் இருந்தது. வாக்கெடுப்பு மணி கேட்டது. நாற்பது நிமிடம் ஆனது. எல்லாம் முடிந்த பிறகு இறங்கி, புது சிலிண்டரை எடுத்து, நோரீன் காட்டியபடி குழாயை மாற்றி, திருகை இரண்டில் வைத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. அதனால்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நோரீனிடம் சொல்லிவிடுங்கள், அவர் என் போனை எடுப்பதில்லை. அந்த நாற்பது நிமிடமும் நான் ஸ்டானின் கையை விடவில்லை. எத்தனையோ பேர் யாருமில்லாமல் சாகிறார்கள். அவர் பக்கத்தில் ஒரு நண்பன் இருந்தான்.