தலைகீழ் சுவிட்ச்

கொழும்புக்குப் போய்வரப் பாஸ்போர்ட் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. உச்சிப்புளியில் ராமநாதபுரம் ரயில் ஏறிய அக்கா தங்கை இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தங்கைதான் ஆரம்பித்தாள்.

"புது சுவிச்சையும் தலகீழாத்தான் மாட்டணும்னு வயர்மேன்கிட்ட சொல்லிட்டேன் லாத்தா."

"ஏண்டி? பழசுதான் உப்புக்காத்துல துருவேறி, தொட்டாலே சுள்ளுன்னு அடிச்சுச்சு. மாத்துறப்பவாச்சும் ஒழுங்கா மாட்டக் கூடாதா?"

"அது எங்க வீட்டுக்காரவுக கையால மாட்டுனதுல்ல! நம்ம தெருவுக்குக் கரண்டு வந்தப்ப, கொழும்புலருந்து வந்த மனுசன், எல்லாம் எனக்குத் தெரியும்னு தானே திருப்புளியை எடுத்தாக."

"ஊரே கீழ தட்டி வெளக்குப் போடுது. ஒங்க வீட்டுல மட்டும் மேல தட்டணும்!" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சான் தப்பை ஒத்துக்கிட்டாகளா?"

"எங்கன? ஊரான் வந்தா முழிக்கட்டும், நம்ம புள்ளைகளுக்குத் தெரியும்னாக."

தங்கையும் சிரித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்காக, அவுக மவுத்தான பொறவுமா அப்படியே வச்சிருப்ப?"

"அவுகளுக்காக இல்ல லாத்தா. கொழும்புலருந்து மகன் வாரானுல்ல. வாப்பா மவுத்துக்குக்கூட அவனுக்குப் பாஸ்போர்ட்டு கெடைக்கல. வீடு வந்து சேர மஃரிபு தாண்டி இருட்டிரும். உள்ள நுழைஞ்சதும் கை தன்னால மேலதான் போகும். எரிய வேணாமா?"